நான் வைக்காத தப்பு

மார்ச் 4
இன்று என் பாதுகாப்புப் பயிற்சியில் குறட்டை. யாரென்று பார்த்தால் முன்வரிசையில் என் வீட்டுக்காரர்! இந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் எனக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை, அவருக்கு வெட்டு மெஷின். போன வருஷம் ஒருத்தருடைய சுண்டுவிரலை எடுத்த அதே மெஷின். அதில் நிற்கிற மனுஷன் இந்தப் பயிற்சியில் தூங்கலாமா?

வீட்டில் கேட்டேன். “உன் குரல் தாலாட்டு மாதிரி இருக்கு, நான் என்ன பண்ண?” என்கிறார். கொழுப்பு.

மார்ச் 6
இனி திரையில் படம் காட்டப்போவதில்லை. மெஷின் கூடத்தில் நானே வேண்டுமென்றே சில பாதுகாப்புத் தப்புகளை வைப்பேன், அவர்கள் கண்டுபிடிக்கவேண்டும். ஜெயிக்கிற அணிக்கு கேக். மேனேஜர் தலையைச் சொறிந்துவிட்டுச் சரி என்றார்.

மார்ச் 8
என்ன ஒரு கூத்து! தரையில் எண்ணெய் கொட்டி வைத்தேன், தீயணைப்புச் சிலிண்டரைப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, நான் வைக்காததாகப் பார்த்துப் பிடிக்கிறார்கள். ஆடுகிற படிக்கட்டுக் கைப்பிடி. மேனேஜர் காலில் செருப்பு. அவர் ஓட்டமாக ஓடி பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தார்.

அப்புறம் வெட்டு மெஷின் பக்கமிருந்து பேக்கிங் அக்கா கத்தினாள். “மேடம், இதுதான் சூப்பர்! மூடியைத் தூக்கினா மெஷின் நிக்கணும்ல? நிக்காம இருக்க சுவிட்சை டேப் போட்டு ஒட்டியிருக்கீங்க. எப்படி மேடம் யோசிச்சீங்க?”

நான் எங்கே யோசித்தேன்? வீட்டில் ஒரு வாரமாகத் தேடிய என் பச்சை டேப் அது! வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. “எல்லார் முன்னாடியும் மானம் போச்சு. அட்டை சிக்கும்போதெல்லாம் மெஷினை நிறுத்தினா வேலை எப்ப முடியும்? எனக்கு இது பழக்கம்டி.”

பழக்கமாம்! விரல் போனா ஒட்டவும் அந்த டேப்தானா? கேட்டேவிட்டேன். கேட்டுவிட்டு அழுதும்விட்டேன். கோபமில்லை, பயம்.

மார்ச் 9
பேச்சுவார்த்தை இல்லை. டீயை நங்கென்று வைத்தேன். குடித்துவிட்டு டம்ளரை நங்கென்று வைத்தார்.

மார்ச் 13
டேப்பை அவரே பிய்த்துப் போட்டாராம். பேக்கிங் அக்கா சொன்னாள். என்னிடம் சொன்னால் கிரீடம் இறங்கிவிடும்.

மார்ச் 20
சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டேன்.

“அட்டை சிக்குச்சு. பழக்கத்துல மூடியைத் தூக்கிட்டுக் கையை விட்டுட்டேன்.”

ஐயோ.

“மெஷின் நின்னுடுச்சு” என்றார்.

சொல்லிக்காட்ட எவ்வளவோ இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மார்ச் 24
சமையலறை பல்பு போய்விட்டது. நாற்காலிமேல் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். பின்னாலிருந்து ஒரு சத்தம்: “தப்பு! கண்டுபிடிச்சாச்சு! இறங்குங்க மேடம், கேக் எங்க?”

ஏணியைக் கொண்டுவந்து, நான் ஏறியதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மேலிருந்து அந்தக் கைகளைப் பார்த்தேன். பத்து விரலும் இருந்தன.

“பல்பைப் பாருடி” என்றார்.