சத்தமில்லாமல் நின்ற கார்

இவளே,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், எழுந்ததும் சாப்பிடு.

நீ வேண்டாமென்று சண்டை போட்டும், பையன் காரில் பிரேக் பேடையும் தேய்ந்துபோன டிஸ்க்கையும் மாற்றிவிட்டேன். அவன் தவறியதிலிருந்து, வாசலில் அந்த பிரேக்கின் கிறீச்சொலி கேட்டாலே அவன்தான் என்று ஓடிவருகிறாய். இறங்குவது நான் என்றதும் உன் முகம் போகிற போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

இப்போதுதான் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். துளிச் சத்தமில்லை. உள்ளே வந்து உட்கார்ந்ததும் நீ தூக்கத்திலேயே, "அவன் வந்துட்டான், கதவைத் தொறங்க" என்றாய்.

போய்த் திறந்தேன். யாருமில்லை. ஆனாலும் உடனே சாத்த மனம் வரவில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. காரை எடுக்கவில்லை, பஸ்ஸில் போகிறேன்.

பி.கு: கதவைத் தாழ்ப்போடவில்லை. நீயும் போடாதே.