மச்சான் வைத்த டையோடு

நினைவில் நீங்காத மச்சானுக்கு,

நீங்கள் போனபின் கண்டரமாணிக்கத்தில் எல்லாரும் நலம். நீங்கள் உங்கள் கையால் செய்து கொடுத்த டிரான்சிஸ்டர் ரேடியோ மட்டும் கொஞ்ச நாள் நலமில்லாமல் இருந்தது. இப்போது அதுவும் நலம். எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

உங்கள் காரியம் முடியும்வரை வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கக்கூடாது என்று பேட்டரிக் கட்டைகளைக் கழற்றி வைத்தேன். பிறகு போட்டுத் திருகினால் மூச்சே இல்லை. காரைக்குடியில் ரிப்பேருக்குக் கொடுக்கலாம் என்றேன். உங்கள் தங்கை ரேடியோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உள்ள இருக்கிறது எங்கண்ணன் பத்த வச்ச ஈயம். அத இன்னொருத்தர் உருக்கக் கூடாது."

நீங்கள் இறந்த அன்றுகூட அவள் அழவில்லை, தெரியுமா? வந்தவர்களுக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தாள். அதன்பின் ரேடியோவும் பேசவில்லை, அவளும் அதிகம் பேசவில்லை.

நேற்று துடைப்பதற்காகக் கட்டைகளை வெளியே எடுத்தவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எல்லாத்தையும் தலைகீழாவுல்ல போட்டிருக்கீக." திருப்பிப் போட்டாள். ரேடியோ கடலை விலை சொன்னது. உங்கள் தங்கை அழ ஆரம்பித்தாள். பருத்தி விலை வந்தும் நிற்கவில்லை.

நான் போட்ட லட்சணத்துக்கு ரேடியோ கருகியிருக்க வேண்டாமா? அப்போதுதான் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டு ஆத்தங்குடித் தரைக்கல்லில் சாக்கட்டியால் ஓர் அம்பும், அதன் மூக்கில் ஒரு குறுக்குக்கோடும் போட்டு, இதுதான் டையோடு என்றீர்கள். மின்சாரம் நேராக வந்தால் விடும். எதிராக வந்தால் மறிக்கும். மறிக்கும்போதும் துளி கசியும். அளவுக்கு மீறி அழுத்தினால் அதுவும் தாங்காது, பாயவிட்டுவிடும். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நீங்கள் நம்பவில்லை போலிருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்றை இந்த ரேடியோவுக்குள் வைத்துவிட்டீர்கள்.

நேராகப் போகிற மின்சாரத்திலும் அது கொஞ்சம் பிடித்துக்கொள்ளுமாமே? கட்டை சீக்கிரம் ஓய்கிறது என்று இத்தனை வருஷம் கடைக்காரரைத் திட்டினேன்.

"அண்ணனுக்கு ஒங்களத் தெரியும்ல" என்கிறாள் உங்கள் தங்கை. இது பாராட்டா, மச்சான்?

மறித்து நிற்கிற ரேடியோவும் செத்துப்போன ரேடியோவும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கின்றன. எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது என்று அன்றே கேட்டிருக்கலாம். ரேடியோவுக்காக மட்டும்தான் கேட்கிறேனா என்பதும் தெரியவில்லை. நீங்கள் பேசாமல் இருப்பது இதில் எந்த வகை?

இனிமேல் கட்டை போடுவது அவள் பொறுப்பு. உங்கள் ஈயத்தை யாரும் உருக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இந்தத் தலையாட்டலையாவது நம்புங்கள்.

நீங்கள் தங்கையை நம்பிக் கொடுத்த,
ரேடியோவை நம்பிக் கொடுக்காத,
உங்கள் மாப்பிள்ளை