படம் மாட்ட ஓர் ஆணி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நன்றாகத்தான் இருக்கிறோம். ஆஸ்பத்திரி வேலையில் நாள் முழுக்க நின்று வீங்கிய உன் கால் இப்போது எப்படி இருக்கிறது, அதை முதலில் எழுது. போன மாதம் ஒரு வக்கீல் ஆபீசுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனேன். அங்கே சுவரிலிருந்த ஒரு படத்தை இறக்கும்போது மேஸ்திரி, "யோவ், கை படாம தூக்கு" என்றான். கையில்லாமல் எதால் தூக்குவது என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். படத்தில் ஆளில்லை, மரமில்லை. மேலே அடர் பழுப்பு, கீழே செங்காவி, அவ்வளவுதான். ஆனால் சாப்பாட்டு நேரம் முழுக்க அதன் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன். வரைந்தவன் முதல் கோட் பெயிண்ட் காய்வதற்குள் அடுத்ததை ஏற்றியிருக்கிறான், ஓரத்தில் அடிநிறம் எட்டிப் பார்க்கிறது. நான் அப்படி விட்டால் மேஸ்திரி மறுபடி அடிக்க வைப்பான். இவன் தெரிந்தே விட்டிருக்கிறான், அந்த இடத்தில்தான் படம் மூச்சு விடுகிறது. என்ன துணிச்சல் பார்! முப்பது வருஷமாகப் பிரஷ் பிடிக்கிறேன், நின்று ஒரு நிறத்தைப் பார்க்க எவனும் எனக்கு நேரம் கொடுத்ததில்லை.

அதன் பிரிண்ட் விற்கும் கடையைத் தேடிப் பிடித்தேன். பருத்தித் தாள், நூறு வருஷம் வெளுக்காத மையாம், கண்ணாடி போட்ட சட்டம். கடைப்பெண் என் சட்டைக் கறையைப் பார்த்து, "எந்த சாருக்கு எடுக்கிறீங்க, அவர் பேர்ல பில் போடட்டுமா?" என்றாள். "என் பேர்லயே போடும்மா, பார்க்கப் போறது நான்தான்" என்றேன். உன் அம்மா பிரித்துப் பார்த்துவிட்டு, "ஓரமெல்லாம் விட்டுப்போயிருக்கே, நீங்களே போய் முடிச்சுக் குடுத்திருக்கலாம்ல" என்று சிரித்தாள். மூன்றாம் நாள் அவளே நாற்காலியை அதன் பக்கம் திருப்பிப் போட்டு டீ குடிக்கிறாள். ஆனால் படம் தரையில்தான் இருந்தது. நம் வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார், உனக்குத் தெரியாததா. எட்டு வருஷமாகக் காலண்டரே ஜன்னல் கம்பியில்தான் தொங்குகிறது. சுவருக்குப் பெயிண்ட் அடித்தது நான், அதுவும் சும்மா. அப்படிப்பட்ட படத்தைக் குனிந்து பார்க்க மனசு ஒப்பவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஒரே ஆணி அடித்து மாட்டிவிட்டேன். சத்தம் கேட்டு மாடியேறி வந்தவர், "பெயிண்டருக்கு எதுக்குய்யா இதெல்லாம்? பிடுங்கு, இல்லன்னா காலி பண்ணு" என்றார். பொய் சொல்வானேன், இந்த வாடகைக்கு வேறு வீடு ஏது என்று என் கை படத்தின் பக்கம் போய்விட்டது. அம்மாதான் அடுப்படியிலிருந்து வந்து, "படம் இறங்காது சார். நாங்க இறங்கிக்கிறோம்" என்றாள். நீட்டிய கையை நான் இழுத்துக்கொண்டேன்.

நீ நல்லபடியாக இரு, யாருக்கும் குனியாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. ஒன்றாம் தேதிக்குப் பிறகு இந்த முகவரிக்கு எழுதாதே, புதியது பின்பக்கம் இருக்கிறது. அங்கே ஒரே அறைதான். நீ வந்தால் படத்துக்கு அடியில்தான் பாய், அந்த இடத்தை அம்மா இப்போதே உனக்கென்று ஒதுக்கிவிட்டாள்.

ஆசிகளுடன்,
உன் அப்பா