வெளிச்சம் என்ற வரிசையில் உன் பெயர்

என் அருமை மாமாவுக்கு,

கட்டிய புருஷனுக்கு ஊரே படிக்கும்படி ஒருத்தி கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நீ போய் இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. இத்தனை நாள் எழுதாதவள் இப்போது ஏன் எழுதுகிறாள், இதில் ஏதோ இருக்கிறது என்று நீ சந்தேகப்படுவாய். படு. நம் வீட்டில் அந்த வேலையை இவ்வளவு காலம் நான் ஒருத்தியேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வீட்டுச் சேதி. அதே கோடம்பாக்கம் வீட்டில்தான் இருக்கிறோம். நம் பெண் தேன்மொழி தினமும் காலையில் ரயிலேறித் தாம்பரம் பக்கம் வேலைக்குப் போய் வருகிறாள். ஏறியதும் ஒரு போன், இறங்கியதும் ஒரு போன். இறங்கிய போன் ஐந்து நிமிஷம் தாமதமானால் எனக்குக் கை வேலை ஓடாது. நான் அதே தி.நகர் ஜவுளிக்கடையில், அதே சேலைப் பிரிவில் இருக்கிறேன். நெல்லைக்கார முதலாளி புதுச்சேலை வந்தால் முதலில் என்னிடம்தான் தள்ளுகிறார். "கஸ்தூரி கண்ணுல படாத ஓட்டை யார் கண்ணுலயும் படாது" என்கிறார். பாராட்டுகிறாரா, குத்திக் காட்டுகிறாரா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

உன் செல்போனை நான்தான் வைத்திருக்கிறேன். உன் நம்பரை விட மனசு வரவில்லை. இந்தக் கடிதமே அதனால் வந்ததுதான்.

ஒன்றை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். நீ இறந்துவிட்டாய் என்று முன்பின் தெரியாத ஆள் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறவள் எப்படிச் சொல்வாள்? சிலிண்டர் கொண்டுவருகிறவன் "அண்ணன் இல்லையா?" என்றால், "மாடியில கீறாரு" என்பேன். கேபிள்காரன் கேட்டால், "தூங்கறாரு". போனில் யார் கேட்டாலும், "குளிக்கிறாரு". இரண்டு வருஷமாக நீ குளித்துக்கொண்டே இருக்கிறாய் மாமா. எங்கள் கடையில் தனியாக இருக்கிற பெண்கள் எல்லாருமே இப்படித்தான் சொல்கிறார்கள். ஒருத்தி வாசலில் ஆண் செருப்புகூட வைத்திருக்கிறாள்.

இரண்டு மாசத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. தேன்மொழி கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் உன் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"தனசேகர் சாருங்களா? ரயில்வேலேர்ந்து பேசறோம். ஜெனரேட்டர் வண்டி ரெடியா இருக்கா சார்?"

அந்த வாரத்தில்தான் உனக்குப் பார்சல் வந்திருக்கிறது என்று ஒருவன், பேங்க் கணக்கு முடங்கப் போகிறது என்று இன்னொருவன், இரண்டு பேர் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது ரயில்வேயா? சினிமாவுக்கு ஜெனரேட்டர் வண்டி ஓட்டியவனிடம் ரயில்வேக்கு என்ன வேலை? சரி, இவனையும் கொஞ்ச நேரம் அலைய விடலாம் என்று நினைத்தேன்.

"அவரு குளிச்சிக்கினு கீறாரு. இன்னா வோணும், என்னாண்ட சொல்லு."

"அவசரம்மா. வண்டி வருமா, வராதா?"

"வரும், வரும். சிங்கம் மாதிரி நிக்குது. கால் மணி நேரத்துல அங்க இருக்கும்."

இடத்தைச் சொல்லிவிட்டு நன்றி என்றான். ஓ.டி.பி. கேட்கவில்லை. கேட்காதது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. கடைக்குப் போய் இதைச் சொல்லிச் சேலைப் பிரிவே சிரித்தோம்.

மூன்றாம் நாள், என் வார லீவில், ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை. வாங்கி முன்னும் பின்னும் பார்த்தேன். நிர்மலா, ரயில்வேயில் பாதுகாப்புப் பிரிவு என்று இருந்தது. அட்டை அடிப்பதா பெரிய விஷயம் என்று வாசலிலேயே நிற்கவைத்துத்தான் பேசினேன். பாவம், வெயிலில் நின்றாள்.

"அன்னிக்கு ஒத்திகை நடத்தினோம்மா. நிஜமாவே பெரிய ரயில் விபத்து நடந்தா என்ன செய்வோமோ, அதையெல்லாம் செஞ்சு பார்ப்போம். ஒரு பழைய பெட்டியை ரயில்வே யார்டுல சாய்ச்சுப் போட்டு, உள்ளே இருட்டா இருக்கணும்னு தார்ப்பாய் போட்டு மூடியிருந்தோம். அடிபட்டவங்க மாதிரி எங்க ஆளுங்களே உள்ள படுத்திருந்தாங்க. பட்டியல்ல இருக்கிற எல்லாருக்கும் போன் போச்சு. டாக்டர் வந்தாங்க, ஆம்புலன்ஸ் வந்துச்சு, பெட்டியை வெட்டறவங்க வந்தாங்க. வெளிச்சம் மட்டும் வரல. வெட்டறவங்க இருட்டுல வெட்ட முடியாதுன்னு நின்னுட்டாங்க. ஒரு மணி நேரம் உங்க வண்டிக்காகக் காத்திருந்தோம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எந்தத் தப்பும் எவன் தலையிலாவது விழுந்தே ஆகவேண்டும் அல்லவா? கத்திவிட்டேன்.

"இன்னா மேடம் பேசறீங்க? ஆளு செத்து ரெண்டு வருசம் ஆவுது. வண்டி கை மாறியே மூணு வருசம். செத்தவன் பேரை எழுதி வச்சிக்கினு, அவன் வரலன்னு என்னாண்ட வந்து கேக்கறீங்களே, உங்க ஆபீஸ்ல ஒருத்தனுக்குக்கூட ஒரு போன் போட்டுக் கேக்கத் தோணலையா?"

அவள் சண்டைக்கு வரவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"போன் போட்டோமேம்மா. எடுத்துப் பேசினது யாரு?"

அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவர்களுடைய நிவாரண ரயிலிலேயே விளக்கெல்லாம் இருக்குமாம். தண்டவாளம் அடைபட்டால் அது வந்து சேர நேரமாகும். அதுவரைக்கும் அக்கம்பக்கத்தில் இருக்கிறவர்கள் கொடுக்கிற கைதான். அதற்காகத்தான் அந்தப் பட்டியல். நிஜ விபத்தாக இருந்தால், அந்தப் பெட்டியில் என் பெண் இருந்திருந்தால், அவளை இருட்டில் கிடக்கவைத்தது அவளுடைய அம்மா சொன்ன "வரும், வரும்" தான். இதை அந்தப் பெண் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

பிறகு பையிலிருந்து அந்தப் பட்டியல் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். டாக்டர், ரத்தம், கிரேன், வெட்டும் கருவி என்று வரிசை வரிசையாக. "வெளிச்சம்" என்ற இடத்துக்கு எதிரே உன் பெயர், நம் தெரு, உன் நம்பர். பக்கத்தில் யாரோ பழைய அதிகாரி பேனாவால் எழுதியிருந்தார்: "அழைக்காமலே வந்தவர்."

அந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா? கொட்டுகிற மழையில், விடிகிற நேரத்தில், சேறும் சகதியுமாக வீட்டுக்கு வந்தாய். கூட்ஸ் வண்டி தடம் புரண்டது, ஷூட்டிங்கில் பேக்கப் சொன்னதும் நேராக வண்டியை அங்கே விட்டேன், ஆட்கள் வேலை பார்க்க லைட் போட்டேன் என்றாய். "என் பேரை ரயில்வே புக்குல எழுதிக்கினாங்க, தெரியுமா?" என்று மார் தட்டினாய். நான் ஒரு வார்த்தையும் நம்பவில்லை. எவளோடு எங்கே சுற்றிவிட்டு வந்து ரயில் கதை விடுகிறாய் என்று கேட்டேன். எட்டு நாள் உன்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் பேசியதுகூட நம்பியதால் அல்ல, சமையல் கேஸ் தீர்ந்துபோனதால்.

நீ சொன்னது நிஜம். எழுத்தில் இருக்கிறது. என்னை மன்னித்துவிடு மாமா. நீ சொல்லி நான் நம்பாமல் போனது இன்னும் எத்தனை இருக்கிறது? அதையெல்லாம் இப்போது நான் எந்தப் புத்தகத்தில் போய்த் தேடுவேன்?

வண்டி இப்போது யாரிடம் என்று நிர்மலா கேட்டாள். நீ நோயில் படுத்த பிறகு, உன்னோடு வேலை பார்த்த சாலிகிராமம் ஜெயபாலுக்குத்தானே கொடுத்தோம். அவன் பெயரைச் சொன்னதும் பேனாவைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். "எழுதாதீங்க மேடம். முதல்ல நான் பாத்துட்டு வரேன்."

ஜெயபால் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாக்கா இது, அண்ணன் பேரு இருந்த எடத்துல என் பேரா? எழுதிக்க சொல்லுக்கா. வண்டி சூப்பரா கீது."

"ஸ்டார்ட் பண்ணு, பாப்போம்."

"இப்பவா?"

"ஏன், ரயிலு உன்னாண்ட நேரம் கேட்டுக்கினா கவுரும்?"

சாவியைத் திருகினான். இரண்டு முறை இருமிவிட்டு வண்டி அடங்கிப்போனது. பேட்டரியைக் கழற்றி வேறொரு வண்டிக்குப் போட்டுவிட்டு, அதில் இருந்த செத்த பேட்டரியை இதில் மாட்டியிருக்கிறான். "ஷூட்டிங்கே இல்லக்கா, அதான்" என்று தலையைச் சொறிந்தான். பத்து நாளில் சரி பண்ணுகிறேன் என்றான். நான் ஆறாம் நாளே சொல்லாமல் போய் நின்றேன். ஒரே திருகில் வண்டி எடுத்தது. விளக்கையும் போட்டுக் காட்டினான். அப்படியே அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "யார்டுக்கு ஓட்டு" என்றேன்.

வண்டி ஓடினாலும் உள்ளே போக வழி இருக்குமா என்று எனக்கு வந்த சந்தேகம் சரிதான். நீ அன்றைக்கு நுழைந்ததாக ஜெயபால் காட்டிய சந்தில் இப்போது லாரி வரக்கூடாதென்று குறுக்கே இரும்புச் சட்டம் போட்டிருக்கிறார்கள். நம் வண்டியின் தலை இடிக்கிறது. பின்பக்கம் சுற்றிப் போனால் ஒரு கேட், அதில் பூட்டு. சாவி யாரிடம் என்று அங்கே இருந்த மூன்று பேரைக் கேட்டேன், மூன்று பேரும் வேறு வேறு ஆளைச் சொன்னார்கள். அங்கிருந்தே நிர்மலாவுக்குப் போன் போட்டேன். அவள் வந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். இப்போது அந்தச் சாவி கேட் பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன். பூட்டில் போட்டுத் திறந்தும் பார்த்தேன்.

"எங்களுக்கு உங்களை மாதிரி ஒருத்தர் முன்னாடியே கிடைச்சிருக்கணும்மா" என்றாள் நிர்மலா. என் சந்தேக புத்தியை ஒருத்தி வேண்டுமென்று கேட்டது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

அவள் தன் புத்தகத்தில் உன் பெயரை அடிக்கப் போனபோது, நானே அடிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். ரேஷன் கார்டில் அடித்தாயிற்று, வோட்டர் லிஸ்டில் அடித்தாயிற்று. நீ இன்னும் உயிரோடு வேலையில் இருந்த ஒரே இடம் இதுதான். பேனா அங்கேயே நின்றது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்ல பெண்.

அடித்து முடித்ததும் எனக்கு வேறு சந்தேகம் வந்தது. "மேடம், இந்தப் புக்கு இது ஒண்ணுதானா?" இன்னும் நான்கு இடத்தில் இருக்கிறதாம். சுற்றறிக்கை அனுப்பிவிடுகிறேன் என்றாள். அவளை நம்புகிறேன். சுற்றறிக்கையை நம்பவில்லை. அனுப்புகிறவர் அனுப்புவார், பெறுகிறவர் கோப்பில் வைப்பார், உன் பெயர் அப்படியே இருக்கும். அவளிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, வார லீவுக்கு ஒரு இடமாக நானே போனேன். ரயில் நிலையம் ஒன்று. அடுத்த வாரம் தீயணைப்பு நிலையம். அதற்கடுத்து அடையாறு பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. நீ கடைசியாகப் படுத்திருந்த வேறொரு ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் பஸ் போனது. நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்று இடத்திலும் கடிதத்தைக் காட்டினேன், பக்கத்தைத் திறந்தார்கள், அடித்தேன், வந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நாலாவது இடம் மயிலாப்பூர். முதலுதவி பழகிய தொண்டர்கள் கொஞ்சம் பேர் ஒரு குழுவாக இருக்கிறார்கள். விபத்து என்றால் இவர்களும் ஓடிவருவார்கள். புத்தகம் ஒரு ஐயர் வீட்டில் இருந்தது. எழுபது வயசுக்கு மேலிருக்கும், ரிடையரானவர். "உக்காருங்கோ, உக்காருங்கோ" என்று மின்விசிறியைப் போட்டார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். என்னைப் போல ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு புத்தகத்தை எடுத்து, விரலை வைத்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து உன் பெயரில் நிறுத்தினார்.

"தனசேகர். ஆமாம், இருக்கு. இவரை எதுக்கு எடுக்கச் சொல்றா? வண்டியை வித்துட்டாரா?" என்று கேட்டவர், கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "மனுஷன் நன்னா இருக்காரோன்னோ?"

தெரியாத ஆள். முதல் தடவையாகப் பார்க்கிறேன். வாயில் பழைய பதில் தயாராகத்தான் இருந்தது.

"இல்ல சார். அவரு என் வூட்டுக்காரரு. எறந்துட்டாரு."

அவர் எழுந்து நின்றார். நின்றபடியே புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் கோடு போட்டேன். லஸ் பஸ் நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்து, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அழுதேன் மாமா. நீ இறந்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை. அன்றைக்கு டாக்டர் சொன்னதையும் நம்பாமல்தானே இருந்தேன்.

ஐந்து புத்தகத்திலும் இப்போது ஜெயபால் பெயர் இருக்கிறது. அவனுக்குக் கீழே, அவன் எடுக்காவிட்டால் கூப்பிட என்று, என் பெயரும் உன் நம்பரும். அந்த நம்பர் அடித்தால் கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் எடுப்பேன். வண்டி வராதென்றால் வராது என்று சொல்லிவிடுவேன், அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். வரும் என்று நான் சொன்னால், அந்த வண்டியில் நானும் வருவேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன்னை நம்பாத, உன்னை மட்டுமே கட்டிக்கொண்ட பெண்டாட்டி,
கஸ்தூரி