சமோவாவில் ஒரு புதன்கிழமை

மச்சான்,

இன்று மத்தியானம் சாப்பாட்டறைக் கதவைத் திறந்ததும் தேங்காய்ப்பால் வற்றுகிற மணம் முகத்தில் அடித்தது. சமு தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பலுசாமியை மைக்ரோவேவில் சூடாக்கிக்கொண்டிருந்தான். சேம்பிலைக்குள் தேங்காய்ப்பாலும் வெங்காயமும் வைத்துக் கட்டி அவிக்கிற அந்தச் சாப்பாட்டை முதல்முதல் வாயில் வைத்தபோது நீ சொன்னது நினைவிருக்கிறதா? "பேரில சாமி இருக்கு, ஆனா உப்புப் புளி ஒண்டும் இல்லை." சமு எனக்கும் ஒரு பொட்டலத்தை நீட்டினான். வாங்கிக்கொண்டு, சாப்பிட மனம் வராமல் கொஞ்சநேரம் நின்றேன். நீ போய் எட்டு மாதமாகிறது. மெல்பேண் ட்ருகனினாவில் அதே வெயர்ஹவுஸ், அதே அரை மணி நேர இடைவேளை. உன் கதிரையில் இப்போது வேறு யாரோ இருந்து பாண் சாப்பிடுகிறார்.

இதை நீ வாசிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அது நெஞ்சுக்குள் கிடந்து அரிக்கிறது.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற சமுதான் எல்லாவற்றையும் தொடக்கிவைத்தான். அவனுடைய ஊரான சமோவாவில், தாய் வீட்டுக்குப் பக்கத்தில், வெளிநாட்டுக்காரருக்கென்று ஒரு பண்பாட்டுக் கிராமம் இருக்கிறதாம். பகல் முழுக்கத் தங்கள் பழைய வாழ்க்கையை நடத்திக் காட்டுவார்களாம், பொழுதுபட்டதும் விருந்தும் ஆட்டமும், கடைசியில் நெருப்பு நடனம். தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் அவன் கையைக் காலை ஆட்டிச் சொல்ல, நீ சோற்றைப் பிசைந்தபடி ஏனோதானோ என்று கேட்டுக்கொண்டிருந்தாய். எந்த நாட்டுப் பாஸ்போட் என்றாலும் அங்கே இறங்கிய இடத்திலேயே விசா கொடுப்பார்கள் என்று அவன் சொன்னபோதுதான் உன் கை நின்றது. "மச்சான், கடைசியாச் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லு" என்றாய்.

உனக்கு நடனமும் வேண்டாம், விருந்தும் வேண்டாம். உன் மனைவியும் மகளும் வடமராட்சியில். நீ இங்கே. மகளுக்கு இரண்டு வயதில் நீ வள்ளம் ஏறினாய். உன் தற்காலிகப் பிரிட்ஜிங் விசாவில் நீ வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது, அவர்களை இங்கே கூப்பிடவும் முடியாது. என்றைக்காவது நிரந்தர விசா கிடைத்தாலும் அவர்களை எடுப்பதற்கு வருஷக்கணக்கில் ஓட வேண்டும். அதற்கு முதல், விசா வந்த அடுத்த மாதமே, மூன்று பேரும் ஒரே இடத்தில் ஒரு நாள் இருக்க வேண்டும். அதுதான் உன் கணக்கு. இந்தியாவுக்குப் போகலாமே என்று கேட்டேன். "அங்க எண்டா அவளின்ர மாமி, சித்தி, சித்தியின்ர மருமகள் எல்லாரும் வெளிக்கிட்டு வந்திடுவினம். எனக்கு மூண்டு பேர் காணும்" என்றாய்.

அன்றிலிருந்து எங்கள் மத்தியானமெல்லாம் சமோவாவில்தான் கழிந்தது. சாமான் எடுக்கிற பட்டியல் தாளின் பின்பக்கத்தில் நீ ஒரு நாளை எழுதத் தொடங்கினாய். ஞாயிற்றுக்கிழமை சரிவராது, அங்கே எல்லாரும் தேவாலயத்துக்குப் போய்விடுவார்கள், எல்லாம் பூட்டு. வெள்ளிக்கிழமையும் சரிவராது. மண்ணடுப்பில் சுட்ட பன்றிதான் அந்த விருந்தின் விசேஷம், உன் மனைவி வெள்ளியில் மச்சமாமிசம் தொடமாட்டாள். கடைசியில் புதன்கிழமை என்று முடிவாயிற்று. காலை ஒன்பதரைக்கு வாசல். பத்துக்குத் தேங்காய் உரித்துத் துருவுவது, பதினொன்றுக்கு ஓலை பின்னுவது, பன்னிரண்டுக்கு மண்ணடுப்பு, இரண்டு மணிக்குத் தோணி, பிறகு நிழலில் கொஞ்சம் இருத்தல், ஆறரைக்குச் சாப்பாடு, ஏழரைக்கு ஆட்டம், எட்டேகாலுக்கு நெருப்பு.

"தேங்காய் உரிக்கிறதையும் ஓலை பின்னிறதையும் ரிக்கற் எடுத்துப் பாக்கப் போறியோடா? அலவாங்கில ஒரு குத்துக் குத்தி உரிக்கிறதை உன்ர மனிசி நூறு தரம் செய்திருப்பா" என்று நான் நக்கலடித்தேன். நீ கோபிக்கவில்லை. "அதுதான் நல்லது. இத்தினை வருசத்துக்குப் பிறகு என்னைப் பாத்து என்ன கதைக்கிறதெண்டு அவளுக்குத் தெரியாது. தேங்காயைப் பாத்தாவது ஏதாவது சொல்லுவாள்" என்றாய்.

ஒவ்வொரு வருஷமும் அந்தத் தாளைப் புதிதாக எழுதினாய். முதல் தாளில் மகளைத் தோணியில் மடியில் வைத்திருப்பதாக இருந்தது. பிறகு அவளுக்குச் சிறுவர் ரிக்கற். பிறகு பெரியவர் ரிக்கற். ஆட்டம் பார்க்கிற இடத்தில் மட்டும் நீ நெடுங்காலம் அசையவில்லை, மூன்றாவது வரிசை, ஓரக் கதிரை. குழந்தையாக இருந்தபோது மண்ணெண்ணெய் விளக்குச் சுவாலையைக் கண்டு அவள் அலறியிருக்கிறாள், நெருப்பு நடனத்தில் பயந்தால் எழுந்து வெளியே தூக்கிக்கொண்டு போக வேண்டுமாம். ஒருநாள் வீடியோவில் அவளிடம் இதைச் சொன்னாய். நானும் பக்கத்தில் இருந்தேன். "எனக்கு நெருப்புப் பயமெண்டு ஆர் அப்பா சொன்னது?" என்று அவள் சிரித்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயதாகியிருந்தது. நீயும் சிரித்துவிட்டு, தாளை எடுத்து மூன்றாவது வரிசையை வெட்டி முன்வரிசை என்று எழுதினாய்.

நேரம் பிசகாமல் எழுதுவதில் உனக்கு ஏன் அவ்வளவு வெறி என்று சமுவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நாங்கள் இருவரும் ஒரே வள்ளத்தில் வந்தவர்கள். அகதி விசாரணையில் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொன்னோம். என்னை நம்பினார்கள், உன்னை நம்பவில்லை. நீ சொன்ன நேரங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று மறுப்புக் கடிதத்தில் இருந்தது. ஊரில் உன்னைப் பிடித்துக்கொண்டு போனது பின்னேரம் நாலு மணி என்று ஓரிடத்தில் சொன்னாயாம், இருட்டின பிறகு என்று இன்னோரிடத்தில் சொன்னாயாம். "பிடிச்சுக்கொண்டு போறவனிட்ட மணி கேக்கிறதோ மச்சான்?" என்று என்னைக் கேட்டாய். மேன்முறையீடு, கோர்ட், திரும்பவும் கோர்ட், ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீளுகிற விசா. ஒருவரும் பிழை பிடிக்க முடியாத ஒரு தாள் உன்னிடம் இருந்தது என்றால் அது அந்தப் புதன்கிழமைதான்.

அந்த அட்டவணை ஒன்பது மணியோடு முடிந்துவிடும். "அதுக்குப் பிறகு என்னடா?" என்று ஒருமுறை கேட்டேன். "அதுக்குப் பிறகு அவை கொழும்புக்கு, நான் மெல்பேணுக்கு. அதை ஏன் எழுதுவான்?" என்றாய்.

எனக்கு நிரந்தர விசா வந்தது. மனைவி வந்து சேர்ந்தாள். அன்று என் வீட்டுக்கு முதலில் வந்தவன் நீ. கேக் வாங்கி வந்தாய். எனக்கு உன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது, நீயோ கேக்கை வெட்டி என் மனைவிக்கு ஊட்டச் சொல்லி என்னை இம்சைப்படுத்தினாய். கொஞ்சநாள் கழித்து, விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று நாங்கள் யோசித்தபோது, நீயே தாளை என் சட்டைப் பைக்குள் வைத்தாய். "நீங்கள் ரெண்டு பேரும் போய்ப் பாத்திட்டு வாங்கோ. எங்க பிழைக்குதெண்டு பார். வந்து சொல்லு, திருத்துவம்."

போனோம். ஒரு புதன்கிழமை. மச்சான், உன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நாளை நடந்து முடித்தோம். ஒன்பதரைக்கு வாசல் திறந்தது. தேங்காய் துருவுகிறவரிடம் என் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் துருவலையை வாங்கித் துருவிக் காட்ட, சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நீ சொன்னபடியே அவள் அதற்குப் பிறகு வாய் ஓயாமல் கதைத்தாள். நிழலில் இருக்க நீ ஒதுக்கிய நேரம் எவ்வளவு சரியான நேரம் தெரியுமா? அதில்லாவிட்டால் களைத்துப்போயிருப்போம். எட்டேகாலுக்கு விளக்கை அணைத்தார்கள். முன்வரிசையில் நெருப்பின் சூடு முகத்தில் பட்டது. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இது எங்கட நாளில்லையப்பா, அவையின்ர நாள்" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. திருடிக்கொண்டு வந்த சாப்பாட்டைச் சாப்பிட்டதுபோல.

திரும்பி வந்து முதல்நாள் வேலை. நீ பேனையோடு காத்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தைப் பார்த்தேன். அங்கே எல்லாம் அவ்வளவு நன்றாக இருந்தது என்று சொன்னால் இவன் இன்னும் எத்தனை வருஷம் இந்தத் தாளோடு இருப்பான், அது ஒரு சாதாரண இடம் என்று தெரிந்தால் கொஞ்சமாவது ஆறுவானே என்று நினைத்தேன். என் புத்தியை எதால் அடிப்பது?

"மழை மச்சான்" என்றேன். "பின்னேரமெல்லாம் மழை. ஒண்டும் வடிவாப் பாக்கேலாமப் போச்சு."

"எத்தினை மணிக்குத் தொடங்கினது?"

"நாலரை இருக்கும்."

"எப்ப விட்டது?"

"விடவே இல்லை. நெருப்பு நடனம் வைக்கேல்லை."

"கூரை இல்லையோ?"

"இருக்கு. ஒழுக்கு."

நீ கேட்டதையெல்லாம் எழுதிக்கொண்டாய். இரண்டு நாள் கழித்து வேறு மாதிரித் திருப்பிக் கேட்டாய், நான் அதே நேரங்களைச் சொன்னேன். உண்மை சொன்ன உன் நேரங்கள் பொருந்தவில்லை, பொய் சொன்ன என் நேரங்கள் அச்சொட்டாகப் பொருந்தின. அதற்குப் பிறகு நீ தாளைக் கொண்டுவரவில்லை. வேறு இடம் பார்ப்போம் என்றேன். "பாப்பம்" என்றாய். பிறகு சாப்பிட்டு முடித்ததும் மேசையில் தலையை வைத்துப் படுக்கத் தொடங்கினாய். ஐந்து மாதம். ஆறி வருகிறாய் என்று நான் நினைத்தேன். ஒரு காலைப்பொழுது, வேலைக்கு வர வெளிக்கிட்டவன் உன் அறை வாசலில் விழுந்து கிடந்தாய். இருதயம் என்றார்கள். நாற்பத்தாறு வயது.

உன்னை ஊருக்கு அனுப்பினோம். பெட்டியில் போக உனக்கு ஒரு தடையும் இருக்கவில்லை. கூட வர எனக்குத்தான் வழியில்லை, அகதிக்கென்று கொடுத்த என் பயணக் கடதாசியில் அந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. அனுப்புவதற்கு முதல்நாள் பார்வைக்கு வைத்திருந்த இடத்துக்குச் சமு கோட் போட்டுக்கொண்டு வந்தான். உன் தலைமாட்டில் நின்று தங்கள் பாஷையில் ஒரு பாட்டு முழுக்கப் பாடினான். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னான், நான் விடுமுறையால் வந்த அந்தக் கிழமையே நீ அவனிடம் போய் அங்கே கூரை ஒழுகுமா என்று கேட்டாயாம். பெரிய தகரக் கூரை, புயலடித்தாலும் நெருப்பு நடனம் நிற்காது, அதுவும் இது அங்கே மழையில்லாத காலம் என்று அவன் சொன்னானாம். "அவன் என்ன சொன்னவன்?" என்று கேட்டேன். நீ தன் தோளில் தட்டிவிட்டுப் போனாய் என்றான் சமு.

ஐந்து மாதம், மச்சான். ஐந்து மாதம் எனக்கு எதிரே இருந்து சாப்பிட்டாய். என் பொய் உனக்குத் தெரியும். ஒரு நாளாவது என் சட்டையைப் பிடித்து ஏனடா என்று கேட்டிருக்கக் கூடாதா? உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா என்றும் இப்போது தெரியவில்லை.

போன கிழமை உன் மனைவி போன் எடுத்தாள். முப்பத்தோராம் நாள் அந்தரட்டிக்குப் பிறகு இப்போதுதான் நீளக் கதைத்தாள். மகள் சோதினைக்குப் படிக்கிறாளாம். வைக்கப் போகிற நேரத்தில், "அண்ணா, ஒண்டு கேக்கட்டோ?" என்றாள். "நீங்கள் போனண்டைக்கு அங்க உண்மையா மழையோ? இவர் சொன்னவர், அது நாங்கள் நினைச்ச மாதிரி இடமில்லையாம், கூரையும் ஒழுக்காம், விடுவம் எண்டு."

அதாவது, எல்லாம் தெரிந்த பிறகு நீயும் அவளிடம் அதே பொய்யைச் சொல்லியிருக்கிறாய். என் வார்த்தைகளை ஒன்றுகூட மாற்றாமல்.

நான் என்ன செய்ய? "ஓம் தங்கச்சி. சரியான மழை" என்றேன்.

பிறகு, "அப்ப சரி அண்ணா. நல்ல இடமெண்டு சொல்லியிருந்தா என்னால தாங்கேலாது" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

இனி அவளுக்கும் உன் மகளுக்கும் அது மழை பெய்த இடம்தான். அதை மாற்ற என்னால் முடியாது, மாற்றவும் கூடாது. ஆனால் எங்கே பிழைக்கிறது என்று பார்த்து வரச் சொல்லித்தான் நீ என்னை அனுப்பினாய். காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பது மணிவரை பார்த்தேன், மச்சான். உன் தாளில் ஒரு பிழையும் இல்லை. உன் வாழ்நாளில் அதை உனக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஆள் நான். நானும் சொல்லவில்லை.