ஐஸ் பற்றி உனக்குச் சொன்னவள்

அன்புள்ள மகன் ராபர்ட்டுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே நானும் உன் தங்கை ரேகாவும் சுகம், பின்லாந்தில் நீயும் மருமகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால் தபாலில் எழுதுகிறேன். ரேகாவுக்குக் கீரப்பாளையம் பள்ளிக்கு மாற்றல், சிதம்பரத்தில் அறை எடுத்திருக்கிறாள். அங்கே கடையில் உன் புத்தகத்தைப் பார்த்து வாங்கி வந்தாள். நீ புத்தகம் போட்டதே எங்களுக்குக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது.

ஐஸ் என்ற சொல்லுக்கே ஒரு அத்தியாயம் வைத்திருக்கிறாய். இங்கிலீஷ்காரர்கள் ஆதியில் அதை ஈஸ் என்றார்களாம், அதெல்லாம் உன் படிப்பு. அதற்குப் பிறகு வருகிற குச்சி ஐஸ், ஐஸ் கம்பெனி, மேஸ்திரிக்கு ஐஸ் வைப்பது, துறைமுகத்தில் பனிக்கட்டி என்று யாரும் கேட்பதில்லை என்பது, அத்தனையும் என் வாய் வார்த்தை. கீழே பொடி எழுத்தில், தகவல் தந்தவர் கடலூர் துறைமுகத்தில் மீன் வேலை செய்யும் பெண் ஒருவர் என்று இருக்கிறது. உம் பேரக் காணோமேம்மா என்றாள் ரேகா. அச்சுல வுட்டுப் போயிருக்கும்டி என்று சமாளித்தேன். முன்பக்கத்தைப் புரட்டினாள், பேராசிரியருக்கு நன்றி, மாமனாருக்கு நன்றி. உன் மாமனார் ஜூஸில் மிதக்கிற ஐஸைத் தவிர வேறு ஐஸைப் பார்த்திருப்பாரா?

போன வருஷம் மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து போன் செய்து இதையெல்லாம் கேட்டாய், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம். என் பிள்ளைக்கு அம்மாவோடு பேச ஆசை வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு அமராவதியிடம் பீற்றிக்கொண்டேன். நாலாவது வாரம் போன் வரவில்லை, அன்றும் சர்ச்சுக்குப் போகாமல் காத்திருந்தேன். இப்போதுதான் புரிகிறது, உனக்கு வேலை முடிந்துவிட்டது.

ஐஸ் மீன் என்றால் உறைய வைத்த மீன் என்று தப்பாகப் போட்டிருக்கிறாய். அன்றைக்குப் பிடித்ததாக இல்லாமல் ஐஸில் கிடந்து வருகிற மீனைத்தான் அப்படிச் சொல்வோம். ஐஸ் உடைத்து உடைத்து என் வலது கையில் இரண்டு விரல் மரத்துவிட்டது, சேலைக்கு ஊக்குக் குத்தவே முடியவில்லை. இதை நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, மருமகளிடம் கோபப்படாதே. கர்த்தர் உங்களைக் காப்பார். ஒன்றை மட்டும் மறக்காதே. மறுபடி அச்சடித்தால் அந்த மீன் பிழையைத் திருத்து. என் பெயரைப் போடாவிட்டாலும் போகட்டும், தகவல் தந்தவர் என் அம்மா என்று போடு.

இப்படிக்கு,
பொன்னி,
கடலூர் முதுநகர்.