அப்பா பேர் இல்லாமல் கூப்பிட்டார்கள்

என் அம்மா, என் தங்கமே,

நீ கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. நம் சுங்கை பினாங் ஃபிளாட்டில் இப்போது நான் ஒருத்திதான். ஒரு தடவை சோறு வடித்தால் மூன்று வேளைக்கு வருகிறது. அரிசியைக் குறைத்துப் போட இன்னும் கை வரவில்லை.

அப்பாவைச் சிறையில் போட்டுவிட்டார்கள் அம்மா. முப்பது வருஷம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு அவர் ஆள் ஏற்றி ஓட்டிப் போன அதே ஃபேக்டரி பஸ்ஸில், சீட்டுக்கு அடியில் போதைப்பொருள் வைத்துக் கடத்தியிருக்கிறார். யாரோ மாட்டிவிட்டார்கள் என்றுதான் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தேன். தீர்ப்பு அன்று என் முகத்தைப் பார்க்காமலே, "நான்தான் செஞ்சேன்மா, யாரும் மாட்டிவிடல" என்றார். நல்ல வேளை நீ இல்லை என்று ஒரு நாள் நினைத்துவிட்டேன். அப்படி நினைத்ததற்காக அன்று முழுக்க அழுதேன்.

மேல்மாடி சாந்தி அக்காவின் தம்பி, குமார் அண்ணன், அந்தப் பாழாய்ப்போன போதைப் பழக்கத்தில்தானே செத்தார்? அக்கா இப்போது லிஃப்டில் என்னைக் கண்டால் படியில் இறங்கிப் போகிறார். அவரிடம் கோபப்பட எனக்கு என்ன முகம் இருக்கிறது?

பளு தூக்குவதை மட்டும் விடவில்லை. வேலை முடிந்ததும் ஜிம்முக்குப் போய்விடுவேன். அங்கே ரேவதி ஒருத்திதான் என்னோடு பேசுகிறாள்.

போன வாரம் மாநிலப் போட்டி. பேர் கொடுக்கும்போது ஒரு காரியம் செய்தேன். நம் ஐசி அடையாள அட்டையில் பேருக்குப் பின்னால் 'அனாக் பெரெம்புவான்', அதாவது இன்னாரின் மகள் என்று அப்பா பேர் வருமே, மைக்கிலும் அப்படியே வாசிப்பார்களே, அதை எடுத்துவிடச் சொன்னேன். வெறும் மலர்விழி போதும் என்றேன். பேப்பரில் வந்த பேர் அம்மா, கேட்டால் கூட்டமே திரும்பிப் பார்க்கும் இல்லையா?

உனக்கு நினைவிருக்கும். 'கணேசன்' என்று மைக்கில் வந்ததும் முதல் ஆளாய் நீ கை தட்டுவாய். அதைக் கேட்டுத்தான் நான் பெஞ்சிலிருந்து எழுவேன். பதினாலு வயதிலிருந்து அதே பழக்கம்.

அன்று "மலர்விழி" என்று கூப்பிட்டார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். மீதிப் பேருக்காகக் காத்திருந்தேன் அம்மா! நானே எடுக்கச் சொன்ன பேருக்காக! தூக்க ஒரு நிமிடம்தான் கொடுப்பார்கள், அது ஓடிக்கொண்டிருக்கிறது. ரேவதி முதுகில் ஓங்கி அடித்தாள்.

"ஏய் மலர்! உன்னத்தான் கூப்புடுறாங்க, எந்திரி லா! பதினஞ்சு செகண்டுதான் இருக்கு!"

ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்தேன். முழங்காலைத் தாண்டவில்லை. பதற்றத்தில் இரண்டாவது முறையும் போனது. மூன்றாவதும் போனால் பட்டியலில் என் பேரே இருக்காது. நேரே அறிவிப்பாளர் மேசைக்குப் போய், அப்பா பேரைச் சேர்த்து வாசியுங்கள் என்றேன். ரேவதி கையைப் பிடித்து இழுத்தாள்.

"பைத்தியமா உனக்கு? எல்லாரும் பாப்பாங்க லா."

"பாக்கட்டும்டி. அவர் செஞ்சது செஞ்சதுதான். அதுக்காக நான் யாருக்கும் மக இல்லன்னு ஆயிடுமா?"

வாசித்தார்கள், முழுசாக. பின்வரிசையில் சிலர் குசுகுசுத்தார்கள். யாரும் கை தட்டவில்லை. நீ தட்டும் நேரத்துக்கு ஒரு நொடி விட்டு, அப்புறம் எழுந்தேன்.

தூக்கிவிட்டேன் அம்மா! தலைக்கு மேல் ஆடாமல் நின்றது, செல்லும் என்று நடுவர்களின் மூன்று விளக்கும் வெள்ளை. மெடல் இல்லை, நாலாவது இடம்தான். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் சொல்ல ஆள் இல்லை. அதுதான் உனக்கு எழுதுகிறேன்.

தீர்ப்புக்குப் பிறகு நான் அப்பாவைப் பார்க்கவே இல்லை. அடுத்த மாதம் போகிறேன். நான் தூக்கியதைச் சொல்வேன். குமார் அண்ணன் பேரையும் சொல்வேன். இரண்டையும் அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்கும்வரை எழுந்து வரமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் பிள்ளை,
மலர்விழி,
கணேசன் மகள்